வத்தையை விட்டுப் பையைப் பிடித்தவன்

ஓர் ஒப்பந்தத்தை நான் மறைத்தேன்.

தொலைக்கவில்லை. மறக்கவும் இல்லை. மறைத்தேன். இரண்டு தாள், நான்காக மடித்தது. என் தோள்பையின் உள்ளறையில் அது இருந்தபோதே, "நமக்குள்ள தாள் எதுக்குக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டவன் நான்!

இதைப் படிக்கிற நீ யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உன்னிடம் சொல்ல முடிகிறது. தெரிந்தவர்களிடம் ஆறு வருடங்களாக முயன்று பார்த்துவிட்டேன். வாய் திறக்கும். வேறு ஏதாவது வெளியே வரும்... காற்று மாறியதைப் பற்றி, ரயில் பாலத்தைப் பற்றி. எதிரே இருப்பவர் தலையாட்டுவார். நான் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

அப்போது நான் கடற்பாசி வாங்கும் ஒரு நிறுவனத்தின் களப் பொறுப்பாளன். பாம்பன் கரையில் பெண்கள் கடலுக்குள் முங்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி எங்கள் ஆலைக்குப் போகும். அங்கே வெந்து, வடிந்து, உறைந்து, வெள்ளைப் பொடியாகிக் கப்பலேறும். நீ எப்போதோ ஒரு கல்யாண வீட்டில் தின்ற ஜெல்லித் துண்டில் அந்தப் பெண்கள் அடக்கிய மூச்சு கொஞ்சம் இருந்திருக்கலாம். யார் கண்டது?

நான் கடற்கரைக்காரன் இல்லை. உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் மிளகாய்க் கொல்லையில் பிறந்தவன். நீந்தத் தெரியாது. உரைநடை என்றும் கவிதை என்றும் யாராலும் துணிந்து சொல்ல முடியாத சிலவற்றைச் சிறுபத்திரிகைகளில் எழுதுகிறவன். இதை ஏன் சொல்கிறேன்? இந்தக் குற்றத்தில் என் எழுத்துக்கும் பங்குண்டு. வா, சொல்கிறேன்.

பாசி எடுக்கும் பெண்கள் பதினேழு பேர். அவர்களுக்குத் தலைவி என்று யாரையும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் செபமாலையின் முகத்தைப் பார்த்துத்தான் வத்தையில் ஏறுவார்கள். வத்தை என்பது அங்கே சிறு படகு. செபமாலைக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கணவர் இல்லை. முங்குவதற்கான கண்ணாடியை மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இரண்டு அலுமினியத் தட்டுகளைத் துடுப்பு மாதிரி பாதங்களில் கட்டிக்கொண்டு அவள் தண்ணீருக்குள் போனால், மேலே இருக்கிற நான் பயத்தில் எண்ணத் தொடங்கிவிடுவேன். எழுபது, எண்பது... தொண்ணூறில் தலை தெரியும். ஒரு கை நிறையப் பாசி.

அவளுக்கு நிழல் போல இன்னொருத்தி. முத்துராக்கு. முப்பது வயதுக்காரி. நாக்கு நீளம். ஒருமுறை கடலடியில் பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டபோது, முடியைப் பிடித்து அவளை மேலே இழுத்துப் போட்டவள் செபமாலைதான். "இந்த அக்கா மட்டும் இல்லைன்னா நான் இந்நேரம் மீனுக்குச் சோறாயிருப்பேன்" என்பாள்.

அவர்களைப் பற்றி நான் எழுதிய ஒன்றை ஒருநாள் கரையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். கடலின் நுரையீரலே, உப்பின் மகளே என்றெல்லாம் போகும். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் முத்துராக்கு கேட்டாள்:

"மூச்சப் புடிக்கிறது நாங்க, பேரு வாங்குறது நீகளா சார்?"

சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். செபமாலை மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தரச் சொல்லி வாங்கி, தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு 'நம்ம சாரு' ஆனேன்.

பார்த்தாயா? எனக்கு அந்த இடத்தை வாங்கித் தந்தது என் எழுத்து. அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் நான் அதைச் செய்தேன்.

உனக்கு ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்ற எதுவும் விளங்காது.

கடலுக்கடியில் பரந்து கிடக்கும் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். பாசி அதன்மேல்தான் வளரும். ஒரு பாரில் பறித்து முடித்ததும், வேர் பிடித்து மறுபடி தழைக்கும்வரை அதை யாரும் தொடுவதில்லை. அதைப் 'பாரைக் கட்டுறது' என்பார்கள். எந்தப் பாரை எப்போது கட்டுவது, எந்த அமாவாசை கழித்து அவிழ்ப்பது என்பதெல்லாம் செபமாலையின் தலைக்குள் இருந்தன. எழுதி வைத்த சீட்டு எதுவும் கிடையாது. மாதத்தில் பாதி நாள் அவர்கள் கடலுக்கே போவதில்லை. அந்த நாட்களில் எல்லாப் பார்களும் ஓய்வில் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கட்டிய பாரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. அவிழ்க்கும் நாள் வரைக்கும் அதற்குப் பெயரே இல்லை. "பேரச் சொன்னா ஆசை வரும் சார். ஆசை வந்தா கை சும்மா இருக்காது" என்று செபமாலை ஒருமுறை சொன்னாள். விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. மீறிச் சொன்னவளுக்கு வத்தையில் இடம் கிடையாது.

இந்த அறிவை நான் கேட்டு வாங்கினேன்.

கேட்டது நிறுவனம். நிறுவனத்தைக் கேட்டது கடல் தாண்டியிருந்த வாங்குநர். அவர்களுக்கு ஒரு சந்தேகம்: இந்தப் பாசி கடலை மொட்டையடித்து எடுக்கப்படுகிறதா, விட்டுவைத்து எடுக்கப்படுகிறதா? எங்கே எடுக்கிறார்கள் என்பது மட்டும் போதாது. எங்கே எடுக்காமல் விடுகிறார்கள் என்பதை வரைபடத்தில் புள்ளி வைத்து, இடத்தின் பெயரோடு காட்டு என்றார்கள். நல்ல கேள்விதான்! இன்றைக்கும் அது நல்ல கேள்வி என்றே நினைக்கிறேன். அதுதான் என்னை வதைக்கிறது.

அதற்காக நிறுவனத்தின் வக்கீல் ஓர் ஒப்பந்தம் எழுதினார். தமிழில், இரண்டு தாள். பெண்கள் தங்கள் இடங்களையும் கட்டும் முறையையும் நிறுவனத்துக்குத் தெரிவிப்பார்கள். பதிலுக்கு நிறுவனம் அந்தத் தகவலை வேறு எந்தச் சேகரிப்பாளருக்கும், வேறு எந்த ஆளுக்கும், அந்தப் பெண்களின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் தராது. அந்த இடங்களில் மற்றவர் எடுத்த பாசியை வாங்கவும் வாங்காது. மூன்றாவது, நான்காவது ஷரத்துகள். கீழே கையெழுத்துப் போட நிறுவனத்துக்கு ஒரு கோடு, அவர்களுக்கு ஒரு கோடு.

எனக்கு அந்த மொழி பிடிக்கவில்லை. 'மேற்படி', 'இதன்கண்', 'பாத்தியப்பட்ட'... கடலின் மகள்களிடம் போய் இதையா நீட்டுவது என்று முகம் சுளித்தேன். அந்தச் சுளிப்பை ஒரு நல்ல குணம் என்றே எண்ணிக்கொண்டேன், முட்டாள்!

பொது மேலாளர் தொலைபேசியில் சொன்னார்: "கேட்டா எடுத்து நீட்டுங்க. கேக்கலைன்னா நீங்களா எதுக்கு நீட்டுறீங்க? கையெழுத்துப் போட்டா அவங்க மட்டுமா கட்டுப்படுறாங்க? நாமளும்தானே?"

சரி சார் என்றேன்.

கேட்டால் நீட்டு. இவ்வளவுதான் எனக்கு இட்ட கட்டளை.

கேட்டாள்! அதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தேன். கேட்காதவர்களை ஏமாற்றியிருந்தால் அது ஒரு பாவம். கேட்டவளிடம் இல்லை என்றது வேறு பாவம்.

முற்பகல். பாசி காயும் மணல் மேட்டருகே மூவர் மட்டும் நின்றிருந்தோம். கட்டிய பார்களை எனக்கு மட்டும் காட்ட வேண்டும், மற்ற பெண்களுக்குத் தெரிய வேண்டாம் என்று செபமாலை ஏற்பாடு செய்திருந்தாள். துடுப்புப் போட ஆள் வேண்டுமே, அதற்கு முத்துராக்கு. வத்தை தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏன் சார், கடல் தாண்டிப் போற விஷயம்ங்கிறீக. எங்களுக்கு ஒரு தாளு கீளு கிடையாதா?" என்றாள் முத்துராக்கு.

"எதுக்குடி தாளு? கப்பலேறப் போறியா?" என்றாள் செபமாலை.

"நாளைக்கு ஒண்ணுன்னா எதக் காட்டுறது? இந்த மூஞ்சியவா?"

"சாரு மூஞ்சிக்கு என்னடி குறைச்சல்? உன் மாப்பிள்ள மூஞ்சிக்கு இது தேவலை."

"அது என்னமோ நெசந்தான். ஆனா எம் மாப்பிள்ளகிட்டயே நான் சும்மா வாய்ப்பேச்ச நம்ப மாட்டேன்க்கா. சாரு சொல்லட்டும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பை என் இடுப்பில் உரசிக்கொண்டிருந்தது. உள்ளறைக்கு ஒரே ஒரு ஜிப். இழுத்தால் முடிந்தது.

"நமக்குள்ள தாள் எதுக்குக்கா? நான் சொல்றேன்ல. இது யாருக்கும் போகாது."

அந்த 'க்கா'வைக் கவனித்தாயா? கேட்டவள் முத்துராக்கு. நான் பதில் சொன்னது செபமாலைக்கு. என்னை நம்புகிறவளைப் பார்த்துத்தான் என்னால் பொய் சொல்ல முடிந்தது.

ஏன் சொன்னேன்? எத்தனையோ முறை என்னையே குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். மேலாளருக்குப் பயந்தா? ஆம், கொஞ்சம். ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று இருந்தது... தாளே இல்லாமல் ஒருத்தி தன் கடலை எனக்குத் திறந்து காட்டப்போகிறாள் என்ற கிளர்ச்சி! கையெழுத்து வாங்கிக்கொண்டால் நான் வெறும் கம்பெனி ஆள். வாங்காவிட்டால் நான் 'நம்ம சாரு'. நம்பப்படுவதில் ஒரு போதை இருக்கிறது. அதைக் குடித்தேன். அவர்களுக்குக் காப்பாக இருந்திருக்க வேண்டிய இரண்டு தாளை, என் பெருமைக்கு இடைஞ்சல் என்று பைக்குள்ளேயே வைத்தேன்.

வத்தை கிளம்பியது. வெயில் தண்ணீரில் உடைந்து கண்ணைக் குத்தியது.

முதல் இடத்தில் செபமாலை கையைத் தூக்கினாள். முத்துராக்கு துடுப்பை நிறுத்தினாள். செபமாலை கடலில் விரல் நனைத்து உதட்டில் தடவிக்கொண்டாள். சிலுவை போட்டாள். பிறகு என் பக்கம் குனிந்து, காதருகே, அந்தப் பாரின் பெயரைச் சொன்னாள்.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஒன்றைக்கூட எழுத மாட்டேன்.

"அமுக்கிட்டீகளா?"

கைபேசியில் புள்ளியை அமுக்கினேன். "ஆச்சுக்கா."

அடுத்தது. விரல், உதடு, சிலுவை, பெயர். "அமுக்கிட்டீகளா?" "ஆச்சு."

பதினொரு முறை. ஒவ்வொரு பெயருக்கும் அவள் குரல் தாழ்ந்துகொண்டே போனது. கடைசிப் பெயர் சொன்னபோது வெறும் காற்றுதான் வந்தது. அதன்பின் கரை வரும்வரை அவள் கடலைப் பார்த்தபடியே இருந்தாள். முத்துராக்கு மட்டும் துடுப்புப் போட்டபடி என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். பயந்தவனைக் கேலியாகப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

வரைபடம் போயிற்று. கடல் தாண்டியிருந்தவர்கள் மகிழ்ந்தார்கள். 'பாரம்பரியக் கட்டுப்பாட்டின் அரிய ஆவணம்' என்று பாராட்டு வந்தது. அதை மேலாளர் எனக்கு அனுப்பிவைத்தார். நான் அதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். ஐயோ, காட்டினேன்!

நாலு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல். எனக்கு நகல்தான். தீவின் மறுகரைப் பக்கம் படகுகள் வைத்திருக்கும் ஒரு புதிய சேகரிப்பாளருக்கு நிறுவனம் எழுதியது. 'பாசி அடர்த்தியாக உள்ள இடங்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.' இணைப்பைத் திறந்தேன். பதினொரு புள்ளிகள்.

உனக்குப் புரிகிறதா? பறிக்காமல் விட்ட இடங்கள்... அங்கேதான் பாசி அடர்ந்து நிற்கும்! அவர்கள் பொறுத்துப் பொறுத்துக் காத்த அத்தனையையும் ஒரு கொள்ளைப் பட்டியலாக நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

மேலாளரை அழைத்தேன்.

"இது அவங்க நம்மகிட்ட நம்பிச் சொன்னது சார்."

"ஒப்பந்தம் ஏதும் இருக்கா?"

"இல்ல சார். ஆனா நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"நீங்க கொடுத்தீங்க. கம்பெனி கொடுக்கலையே?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்பது போலச் சொன்னார். என் பைக்குள் மூன்றாவது ஷரத்தும் நான்காவது ஷரத்தும் மடித்தபடியே கிடந்தன. கையெழுத்து மட்டும் இருந்திருந்தால் அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்கும். அவ்வளவுதான். ஒரு பேனா, ஒரு நிமிடம்!

புதியவர்கள் வேலையைத் தொடங்க ஒன்பது நாட்கள் இருந்தன. அந்த ஒன்பது நாளில் நான் இரண்டு முறை பாம்பனுக்குப் போனேன். முதல் முறை செபமாலை வெயிலில் பாசியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "வாங்க சார், என்ன இளைச்சுப் போயிட்டீக? ஆத்தா வீட்டுச் சோறு இறங்கலையா?" என்றாள். சொல்லியிருக்கலாம். சொன்னால் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "வேலை கூடக்கா" என்றேன். இரண்டாம் முறை பேருந்தை விட்டு இறங்கி, கடைத்தெருவில் நின்று, அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டேன்.

எச்சரித்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? காவல் இருந்திருப்பார்கள். ஓய்வு நாட்களிலும் வத்தையை நிறுத்தி மறித்திருப்பார்கள். பாதியாவது மிஞ்சியிருக்கும். இந்தக் கணக்கை நான் தினமும் போடுகிறேன்.

பெண்கள் கடலுக்குப் போகாத நாட்களாகப் பார்த்து அவர்கள் வந்தார்கள். அந்த நாட்களும் வரைபடத்தோடு நான் அனுப்பிய குறிப்பில் இருந்தன.

அவிழ்க்கும் நாளன்று நான் கரையில் இருந்தேன். வத்தைகள் வழக்கத்துக்கு முன்பே திரும்பின. சாக்குகள் மடித்தபடியே இருந்தன. செபமாலை இறங்கி, முழங்கால் தண்ணீரிலேயே நின்றாள். அவள் உள்ளங்கையில் ஒரு துண்டுப் பாறை. வெள்ளையாக, சுரண்டப்பட்டு, வரிவரியாக இரும்பு இழுத்த தடங்களோடு.

"வேரோட எடுத்திருக்காய்ங்க" என்றாள். "இனி முளைக்காது."

வலைக்காரர் ஒருவர் பார்த்ததைச் சொன்னார்: "தேடவே இல்ல தாயி. போனைப் பாத்தாய்ங்க, நேரா வந்து நங்கூரத்தப் போட்டாய்ங்க. என்னமோ சொந்த வீட்டுக்கு வாரவன் மாதிரி."

அப்படியானால் உள்ளிருந்து யாரோ பெயர் சொல்லியிருக்கிறார்கள்! கரை முழுக்க அந்த ஒரே பேச்சு. மறுகரைப் படகு ஒன்றில் முத்துராக்கின் தம்பி வேலைக்குச் சேர்ந்திருந்தான் என்பதும் அன்றைக்கே வெளியே வந்தது.

மறுநாள் நண்பகல், கொட்டகை நிழலில் பதினேழு பேரும் கூடினார்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள். தொடங்குவதற்கு முன் செபமாலை என்னைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனாள். கண் சிவந்திருந்தது.

"சார், அன்னைக்கு அமுக்குனது... அது எங்கயும் போகலையே?"

"இல்லக்கா. பூட்டித்தான் வச்சிருக்கு."

இதோ. இதுவும் நான்தான். முதல் பொய்க்குப் போதையைக் காரணம் சொன்னேன். இதற்கு என்ன சொல்ல? ஒன்றுமில்லை. பயம். வெறும் பயம்.

அவள் பெருமூச்சு விட்டாள். அதில் நிம்மதி இருந்தது. அதன் பின்னாலேயே வேறொன்று அவள் முகத்தில் ஏறியதைப் பார்த்தேன். பதினொரு பாரும் ஒன்றுவிடாமல் தெரிந்தது மூன்று பேருக்குத்தான். அவள் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை என்றேன். மிச்சம் ஒருத்தி.

கூட்டத்தில் முத்துராக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள்: "நான் சொல்லல."

"அப்ப யாருடி சொன்னா? பாரு தானா எந்திரிச்சுப் போயிச் சொல்லுச்சா?" என்று யாரோ கத்தினார்கள்.

அவளுக்குத் தெரியும். அவள்தான் துடுப்புப் போட்டவள். ஒரு விரலை நீட்டி என்னைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. செபமாலையைப் பார்த்தாள். பிறகு என் மடியிலிருந்த பையைப் பார்த்தாள். பிறகு மணலைப் பார்த்தாள்.

அவளுடைய கண்ணாடியையும் இரண்டு அலுமினியத் தட்டுகளையும் வத்தையிலிருந்து எடுத்துவந்து அவள் முன் வைத்தார்கள். அவ்வளவுதான் அந்தத் தண்டனை. தட்டு கரைக்கு வந்துவிட்டால் எந்த வத்தையும் ஏற்றாது. அவள் அவற்றை எடுத்து, மணல் தட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். வெயிலில் தட்டு மின்னியது. கண்ணை மூடினால் இப்போதும் மின்னுகிறது.

தாள் கேட்ட ஒரே பெண்! அவளை நான் கடலிலிருந்து வெளியேற்றினேன்.

வேலையை விட்டேன். அதைத் தியாகம் என்று எண்ணிவிடாதே. வேறு வேலை கிடைத்தது, விட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு வேலையாக வாலிநோக்கம் போனேன். உப்பளத்தின் வரப்புகளில் பெண்கள் கூடை சுமந்து வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். அந்த வெள்ளையில் யாரையும் அடையாளம் தெரியாது. ஆனால் அவள் என்னை அடையாளம் கண்டுவிட்டாள்.

"என்ன சார், இங்கன? உப்பப் பத்திக் கவிதையா?"

முத்துராக்கு. கறுத்து, வற்றி... பாசி பறித்துக் கீறல் விழுந்த விரல்கள் உப்பில் வெடித்திருந்தன. கூடையை இறக்கி வைத்தாள். 

"ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். உங்களுக்கு நீச்சல் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"அன்னைக்கு வத்தை அந்த ஆட்டம் ஆடுச்சு. நீச்சல் தெரியாத ஆளு எதப் புடிப்பான்? வத்தையோட விளிம்பப் புடிப்பான். நீக ஒரு கையில போனு, மறு கையால பையப் புடிச்சிருந்தீக. ஒவ்வொரு பேரு சொல்றப்பவும் இன்னும் இறுக்கிப் புடிச்சீக. அப்படி என்ன சார் இருந்துச்சு அதுக்குள்ள?"

சொன்னேன். ஆறு வருடத்தில் ஒரே ஒரு முறை, ஒரே ஒருத்தியிடம். தாள் இருந்தது என்றேன். நீ கேட்டபோது இருந்தது என்றேன்.

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்! கூடை சுமக்கும் சும்மாட்டை அவிழ்த்து மறுபடி சுற்றினாள்.

"நான் இப்பவே பாம்பன் வாரேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன்" என்றேன்.

"என்னன்னு சொல்லுவீக?"

"தகவலை அனுப்புனது நான்தான்னு."

"உங்களுக்கு யாரு சொன்னாங்கன்னு கேப்பாக. கட்டின பாரு பேர வாயால சொன்னது யாருன்னு கேப்பாக. அப்ப என்ன சொல்லுவீக?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் உண்மையைச் சொன்னால் அடுத்து கரைக்கு வரும் தட்டு செபமாலையுடையது.

"அக்காவுக்குக் கடல் தவிர ஒண்ணுமில்ல. எனக்காச்சும் உப்பு இருக்கு" என்றாள். "அது என் முடியப் புடிச்சு மேல இழுத்துச்சு. நான் அத உள்ள தள்ளுறதா? நீகளும் தள்ள வேணாம். வாய மூடிக்கிட்டுப் போங்க சார். அது உங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்லையே."

கூடையைத் தூக்கிவிடக் குனிந்தேன். "வேணாம்" என்று தானே தூக்கிக்கொண்டு போனாள்.

அவ்வளவுதான் நடந்தது. மன்னிப்பு என்ற சொல் அங்கே வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்க என்ன யோக்கியதை?

அந்தப் பதினொன்றில் சில இன்னும் வெள்ளையாகவே கிடக்கின்றன என்று கேள்விப்படுகிறேன். செபமாலை இப்போதும் முங்குகிறாள். மூச்சு குறைந்துவிட்டதாம். அவளுடைய ஜெபப் புத்தகத்தில் என் பக்கம் இன்னும் இருக்கிறதா? இருக்கும்... அதுதான் என்னால் தாங்க முடியாதது. ராமேஸ்வரம் போகிறவர்களோடு பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எல்லோரும் ஜன்னல் வழியே கடலைப் பார்க்கிறார்கள். நான் கைபேசியைத் திறக்கிறேன். நீல வெளியில் பதினொரு சிவப்புப் புள்ளிகள். அழித்துவிடலாம். அழித்தால் அவை என்னிடம் மட்டும் இல்லாமல் போகும். மற்ற இடங்களில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இப்போது உன்னிடம் வருகிறேன்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆட்களின் எண்ணிக்கையை மாற்றியிருக்கிறேன். ஆனாலும் நீ பாம்பன் கரையில் இறங்கி, நாலு பேரிடம் விசாரித்தால், செபமாலை யாரென்று கண்டுபிடித்துவிட முடியும். உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன். ஏன்? என் நெஞ்சு இறங்க வேண்டும் என்பதற்காக. முத்துராக்கு மூடச் சொன்ன வாயை என் சுகத்துக்காக நான் திறந்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு பொத்தானை அமுக்கினேன். இன்றைக்கு இதை. வித்தியாசம் இருக்கிறதா? நீயே சொல்.

யாரிடமும் சொல்லமாட்டாய்தானே?

பார், உன்னிடமும் நான் எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்கவில்லை. அந்த இரண்டு தாள் என் பையின் உள்ளறையில் இன்னும் இருக்கிறது. மடிப்பு கிழியத் தொடங்கிவிட்டது. கோடுகள் இரண்டும் வெறுமையாக இருக்கின்றன. இதை ஒரு கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மறு கை பையைப் பிடித்திருக்கிறது.